வளைந்த வெளிச்சமும் கொடைக்கானல் துரையும்

ஐன்ஸ்டைன், எடிங்டன், ஒரு கிரகணம். வெளிச்சம் வளைகிற கதையை யார் எழுதினாலும் இந்த மூன்றோடு முடிச்சிடறாங்க. 1919-ல் எடிங்டன் ஆப்பிரிக்கா பக்கம் ஒரு தீவுக்குப் போனார், படம் எடுத்தார், ஐன்ஸ்டைன் ஜெயிச்சார், சுபம். ஆனா அதுக்கு மூணு வருஷம் கழிச்சு, இதே வேலைக்காக நம்ம கொடைக்கானல் மலையிலிருந்து ஒருத்தர் பெட்டி படுக்கையெல்லாம் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். அந்தக் கதையைத் தமிழில் எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தப் பதிவு அவருக்காக.

இதைப் பூதப்பாண்டியில் உட்கார்ந்து எழுத ஒரு காரணம் உண்டு. தோழர் ஜீவா பிறந்த ஊர் எங்க ஊர். எதையும் கேள்வி கேட்காம விடக்கூடாதுங்கறது மண்ணோட குணம்னு நாங்களே சொல்லிக்குவோம். ஆனா எங்க ஊர் வாட்ஸப் குழுவைத் திறந்தா, மாசத்துக்கு ஒரு தடவையாவது "இதெல்லாம் நம்ம சித்தர்கள் அன்னைக்கே சொல்லிட்டாங்க" வகையறா ஒண்ணு வந்து விழும். எந்தச் சித்தர், எந்தப் பாட்டு என்று கேட்டால் பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை வரும். சரி போகட்டும். தேதியோட, ஆளோட, ஆதாரத்தோட நம்ம மலையில நடந்த வானியல் கதை ஒண்ணு நிஜமாவே இருக்கு. அதை ஒருத்தரும் ஃபார்வர்ட் பண்றதில்லை. எனக்கு வயித்தெரிச்சல் அங்கதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எவ்வளவு வளையும்?

கல்லை எறிந்தால் அது வளைந்து விழுகிறது. வெளிச்சமும் அப்படி விழுமா? இந்தக் கேள்வி ஐன்ஸ்டைனுக்கு ரொம்ப முந்தினது. யோஹான் சோல்ட்னர் என்ற ஜெர்மானியர் 1801-லேயே கணக்குப் போட்டார். ஒளியை வேகமாக ஓடும் ஒரு துகள் என்று வைத்துக்கொண்டு, நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் பொருத்தினார். சூரியனின் விளிம்பை உரசி வரும் ஒளி 0.84 ஆர்க் செகண்ட் வளையும் என்று விடை வந்தது. ஒரு டிகிரியை 3600 துண்டாக்கினால் ஒரு துண்டுதான் ஒரு ஆர்க் செகண்ட். அந்தக் கணக்கை எல்லாரும் மறந்தே போனாங்க.

1911-ல் ஐன்ஸ்டைன் வேறு வழியாக வந்து ஏறக்குறைய அதே எண்ணைச் சொன்னார். 1915-ல் பொதுச் சார்பியல் முழுசாக உருவானபோது விடை இரண்டு மடங்காகி 1.75 ஆர்க் செகண்ட் ஆனது. ஏன் இரண்டு மடங்கு? கனமான பொருளுக்குப் பக்கத்தில் நேரம் மெதுவாக ஓடுகிறது. பழைய கணக்கின் பங்கு அதிலிருந்து வந்துவிடும். அதோடு அந்த இடமே, அதாவது வெளியே, வளைந்தும் கிடக்கிறது. அதிலிருந்து இன்னொரு சம பங்கு. ஆக நியூட்டன் வழியா போனா ஏறத்தாழ 0.87, ஐன்ஸ்டைன் வழியா போனா 1.75. அளந்து பார்த்தால் யார் சரின்னு தெரிஞ்சுபோகும்.

அளக்கிறதுதான் பெரும்பாடு. 1.75 ஆர்க் செகண்ட் என்றால், ஒரு பத்து ரூபாய் நாணயத்தை மூணு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருத்தர் பிடித்திருக்க, அது நம்ம கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரியுமோ அவ்வளவுதான். அன்றைக்குப் படம் எடுத்தது கண்ணாடித் தட்டில். அந்தத் தட்டில் ஒரு நட்சத்திரப் புள்ளி மில்லிமீட்டரில் நூறில் மூணு நாலு பங்கு நகர்ந்திருந்தால் அதுதான் ஐன்ஸ்டைனின் வளைவு. சூரியனை விட்டு விலக விலக அதுவும் குறைஞ்சுகிட்டே போகும்.

இன்னொரு தொல்லை, சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரத்தைப் பகலில் எப்படிப் பார்ப்பது? முழு கிரகணத்தை விட்டா அந்தக் காலத்தில் வேறு வழி கிடையாது. சந்திரன் சூரியனை முழுசாக மூடும் சில நிமிடங்களில் படம் எடுக்கணும். சூரியன் வேற பக்கம் போன பிறகு, சில மாதம் கழித்தோ முன்னாலோ, அதே வானத்தை இரவில் படம் எடுக்கணும். ரெண்டையும் ஒப்பிட்டு புள்ளிகள் நகர்ந்திருக்கான்னு பார்க்கணும்.

வளைய கிரகணம் இதுக்கு உதவாது. 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்றைக்கு எங்க ஊர் வழியா ஒண்ணு போச்சு. நாகர்கோவில், கன்னியாகுமரி, தனுஷ்கோடின்னு அதன் பாதை. மத்தியானம் ஒரு மணி வாக்கில் வெயில் நிறம் மாறி, அந்தி வர்ற மாதிரி ஒரு மங்கல். வயலில் நின்ன கொக்கெல்லாம் குழம்பிப்போச்சு. ஆனா வானத்தில் நட்சத்திரம் வரலை. சூரியனின் ஒரு மெல்லிய வளையம் மிச்சமிருந்தாலே போதும், நட்சத்திரங்களை அது விழுங்கிவிடும். அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது, முழு மறைப்புக்காக இவங்க ஏன் உலகத்தின் மூலை முடுக்குக்கெல்லாம் ஓடினாங்கன்னு.

தோற்றவர்கள் வரிசை

ஆரம்பத்தில் ஓடியவர்களில் ஒருவர் எர்வின் ஃப்ராயிண்ட்லிஷ். 1914 ஆகஸ்ட் 21 கிரகணத்துக்காக ஜெர்மனியிலிருந்து ரஷ்யாவின் கிரைமியாவுக்குப் போனார். அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் முதல் உலகப்போர் ஆரம்பிச்சது. எதிரி நாட்டு ஆள், பெட்டி நிறைய தொலைநோக்கி. சும்மா விடுவாங்களா? பிடிச்சு உள்ளே வெச்சுட்டாங்க. கருவிகளும் போச்சு.

இதுல ஒரு வேடிக்கை. 1914-ல் ஐன்ஸ்டைன் சொல்லியிருந்தது பழைய பாதி எண். ஃப்ராயிண்ட்லிஷ் வெற்றிகரமாக அளந்திருந்தால், ஐன்ஸ்டைன் சொன்னதைப் போல இரண்டு மடங்கு வந்து, "தம்பி, உன் கணக்கு தப்பு" என்று ஆகியிருக்கும். ஒருத்தர் ஜெயிலுக்குப் போனது இன்னொருத்தருக்கு அதிர்ஷ்டம்.

1919 மே 29 கிரகணத்தை எல்லாரும் எழுதிட்டதால சுருக்கமா சொல்றேன். எடிங்டன் பிரின்சிபே தீவுக்குப் போனார், கிராம்லினும் டேவிட்சனும் பிரேசிலின் சோப்ரலுக்குப் போனார்கள். நவம்பர் 6 அன்று லண்டனில் முடிவு அறிவிப்பு. சோப்ரலின் சிறிய தொலைநோக்கி 1.98 என்றது, பிரின்சிபே தட்டுகள் 1.61 என்றன. சோப்ரலில் இருந்த இன்னொரு தொலைநோக்கியின் படங்கள் தெளிவில்லாமல் 0.93 பக்கம் காட்டின. அதை ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கியதற்குக் காரணம் இருந்தது. ஆனாலும் சந்தேகப்படறவங்களுக்கு அது போதும் இல்லையா?

நம்ம நாட்டிலும் அந்தச் சூடு உடனே பரவியது. 1920-லேயே மேகநாத சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் ஐன்ஸ்டைன் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கல்கத்தா பல்கலைக்கழகம் புத்தகமாகவே போட்டுவிட்டது. முன்னுரை மகலனோபிஸ். மூணு பேருமே அப்ப முப்பது வயசைத் தாண்டாதவங்க.

ஆக, 1919 முடிவை இன்னொரு தடவை சரிபார்த்தே தீரணும். அடுத்த நல்ல வாய்ப்பு 1922 செப்டம்பர் 21. நிழல் விழும் இடம் ஆஸ்திரேலியா. இங்கதான் கொடைக்கானல் கதைக்குள்ளே வருது.

மலை மேல் ஒரு தம்பதி

கொடைக்கானல் வானாய்வகம் ஏன் அங்கே வந்ததுன்னு தெரிஞ்சா ஆச்சரியமா இருக்கும். 1876-78 தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் லட்சக்கணக்கில் செத்தாங்க. மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் வரும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அதுக்கப்புறம் பெரிசா கிளம்பியது. சூரியனைத் தினமும் பார்க்க உயரமான, தெளிவான இடம் வேணும்னு தேடினாங்க. மிச்சி ஸ்மித் என்பவர் பழனி மலையைத் தேர்ந்தெடுத்தார். 1899-ல் சென்னை வானாய்வகத்தின் வேலை மலையேறியது. உயரம் 2,343 மீட்டர்.

அங்கே 1907-ல் வந்து சேர்ந்தவர் ஜான் எவர்ஷெட். 1911-ல் இயக்குநர் ஆனார். கூடவே மனைவி மேரி. ரெண்டு பேரும் முதலில் சந்தித்ததே 1896-ல் நார்வேயில், ஒரு கிரகணம் பார்க்கப் போன இடத்தில். மேரியும் சும்மா துணைக்கு வந்தவர் இல்லை. தென்வான நட்சத்திரங்களுக்கு ஒரு கையேடு எழுதியவர். கொடைக்கானலில் இருந்த காலத்தில்தான் இத்தாலியக் கவி தாந்தேயின் வானியல் பற்றி ஒரு ஆராய்ச்சி நூலை முடித்து 1914-ல் வெளியிட்டார். அதை இன்னைக்கும் தேடிப் படிக்கிறவங்க இருக்காங்க.

எவர்ஷெட் 1909 ஜனவரியில் கரும்புள்ளியின் நிறமாலையைப் படம் எடுத்தபோது, அதன் ஓரங்களில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் பூரா பாடப்புத்தகங்களில் அதற்குப் பெயர் எவர்ஷெட் விளைவு. கண்டுபிடித்த இடம் நம்ம கொடைக்கானல். போட்டிங் போற ஏரியிலிருந்து கொஞ்ச தூரந்தான் :-)

கிரகண விஷயத்தில் மட்டும் மனுஷனுக்கு ராசி ஏறி இறங்கிக்கிட்டே இருந்திருக்கு. 1896 நார்வேயில் மேகம். 1898-ல் இந்தியாவுக்கு வந்து, இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் தால்னியில் அருமையான படங்கள் எடுத்தார். 1900-ல் அல்ஜீரியாவில், வேண்டுமென்றே நிழலின் ஓரமாகப் போய் நின்றார். அங்கே சூரியனின் விளிம்பு ஒளி அதிக நேரம் கிடைக்கும். ஆனால் முழு மறைப்பின் எல்லைக்குக் கொஞ்சம் வெளியே நின்றுவிட்டார். அந்தத் துணிச்சலுக்குத்தான் நான் விசிறி.

வாலல் கடற்கரை

1922 கிரகணத்தைப் பார்க்கப் பல குழுக்கள் தேர்ந்தெடுத்த இடம் வாலல். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரை, புரூமுக்கும் போர்ட் ஹெட்லண்டுக்கும் நடுவில். ஒரு தந்தி நிலையம், ஒரு ஆட்டுப் பண்ணை, மணல். துறைமுகம் கிடையாது. கருவிப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து படகில் இறக்கி, அலையில் நனையாமல் கரை சேர்த்து, மணலில் இழுத்துப் போகணும். ஆஸ்திரேலியக் கடற்படை உதவியது. அந்தப் பகுதியின் பழங்குடி மக்கள் பாரம் சுமந்தார்கள், கழுதைகள் வண்டி இழுத்தன. சுமந்தவர்கள் பெயர் எதுவும் "கண்டுபிடித்தவர்கள்" பட்டியலில் கிடையாதுங்கறதை நான் சொல்லணுமா என்ன.

அமெரிக்காவின் லிக் வானாய்வகத்திலிருந்து கேம்பெல் தலைமையில் ஒரு பெரிய குழு. கனடாவிலிருந்து சான்ட் தலைமையில் ஒன்று. பெர்த் வானாய்வகத்தார். இந்தியாவிலிருந்து எவர்ஷெட் தம்பதி. அப்ப எங்க ஊர் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது, கொடைக்கானல் சென்னை மாகாணத்தில். ரெண்டுக்கும் நடுவே எல்லைச் சாவடி. ஆனா ஆரல்வாய்மொழிக்கு அந்தப்பக்கம் உள்ள மலையிலிருந்து கிளம்பின ஒருத்தர், உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பரீட்சையில் உட்கார்ந்தார் என்பது எனக்கு இன்னமும் பெருமைதான்.

அன்றைக்கு வானம் பளிச்சென்று இருந்தது. முழு மறைப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல். மேகம் கெடுக்கவில்லை. எவர்ஷெட்டைக் கெடுத்தது கருவி. பெரிய தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்துத் திருப்புவது கஷ்டம் என்பதால், அதைக் கிடையாக வைத்துவிட்டு, முன்னால் ஒரு கண்ணாடியைக் கடிகார விசையில் மெல்லத் திருப்பி நட்சத்திர ஒளியை உள்ளே அனுப்புவது அந்தக்கால வழக்கம். அந்த ஓட்டம் ஒரு மயிரிழை பிசகினாலும் புள்ளிகள் கோடாகிவிடும். நூறில் மூணு பங்கு மில்லிமீட்டரை அளக்க வேண்டிய இடத்தில் அது போதும் எல்லாத்தையும் கெடுக்க. கருவிக் கோளாறால் எவர்ஷெட்டின் படங்கள் ஐன்ஸ்டைன் சோதனைக்கு உதவாமல் போயின.

அதே நேரத்தில் கிறிஸ்துமஸ் தீவில் கிரீன்விச்சிலிருந்து வந்த ஜோன்ஸும் மெலோட்டும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயித்தது கேம்பெல் கோஷ்டி. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1914-ல் ரஷ்யாவில் அவருக்கு மேகம், போரில் கருவிகளும் மாட்டிக்கொண்டன. 1918 கிரகணத்தில் கடன் வாங்கிய லென்ஸ்களை வைத்துச் சமாளித்து, உறுதியான முடிவு கிடைக்கவில்லை. மூணாவது தடவைதான் வாலல். அவரும் டிரம்ப்ளரும் தட்டுகளை மாதக்கணக்கில் அளந்து 1923-ல் சொன்ன எண் 1.72, பிழை கூடக்குறைய 0.11. ஐன்ஸ்டைன் சொன்னது 1.75. அதற்குப் பிறகு பெரும்பாலானவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

வெறுங்கை என்று சொல்லலாமா?

எவர்ஷெட் கதை வாலலோடு முடிந்திருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. ஐன்ஸ்டைன் தன் கொள்கைக்கு மூன்று பரீட்சைகள் சொன்னார். புதன் கோளின் பாதை ஒன்று, ஒளி வளைவது இரண்டு. மூன்றாவது, சூரியனை விட்டுக் கிளம்பும் ஒளி அதன் ஈர்ப்பிலிருந்து ஏறி வர வேண்டியிருப்பதால் கொஞ்சம் சிவப்புப் பக்கம் நகரணும். இதுக்குக் கிரகணம் தேவையில்லை. ஆனால் நகரும் அளவு பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். அதுக்கு வேண்டியது சூரியனைத் தினமும் படம் எடுக்கும் ஒரு இடமும், அலுக்காத ஒரு மனுஷனும். கொடைக்கானலில் ரெண்டும் இருந்தது.

எவர்ஷெட்டும் உதவி இயக்குநர் ராய்ட்ஸும் 1910-களில் இரும்பின் நிறமாலைக் கோடுகளை அளந்தபோது அவை சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். காரணம் என்ன? சூரியனில் வாயு மேலே கீழே கொந்தளிக்கிறது, அந்த அசைவும் கோடுகளை நகர்த்தும். ஐன்ஸ்டைன் சொன்ன நகர்வு இந்தக் கொந்தளிப்புக்குள்ளே ஒளிஞ்சிருக்கு. எவர்ஷெட் முதலில் அசைவுதான் காரணம் என்று நினைத்தார். ஆனால் சூரியனின் எல்லாப் பக்கத்திலும், விளிம்பிலும்கூட, வாயு நம்மை விட்டு விலகி ஓடுகிற மாதிரி அளவுகள் வந்தன. அப்படின்னா பூமிதான் சூரிய வாயுவைத் தள்ளிவிடுதா? கேட்கவே கிறுக்குத்தனமா இருக்கு. அவர் சிரிச்சுட்டு விட்டுடலை. அதையும் சோதிச்சுப் பார்த்தார்.

எப்படி தெரியுமா? வெள்ளிக் கோளை வைத்து. வெள்ளி பூமிக்கு வேறொரு பக்கத்தில் இருக்கும்போது, நமக்குத் தெரியாத சூரியப் பக்கத்தின் ஒளியைப் பிரதிபலிக்கும். அதன் நிறமாலையை எடுத்தால், பூமியைப் பார்க்காத பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும். 1910-களில் ஒரு மலையுச்சியில் உட்கார்ந்து, வெள்ளியை முகம் பார்க்கும் கண்ணாடியாக வைத்துச் சூரியனின் முதுகைப் பார்த்த மனுஷன்! ஆரம்பத்தில் கிடைத்த தட்டுகள் அவரைக் குழப்பவே செய்தன. விட்டுவிடாமல் வருடக்கணக்கில் அளந்து, கடைசியில் ஐன்ஸ்டைன் சொன்ன நகர்வு அங்கே இருக்கிறது என்ற பக்கம் வந்து சேர்ந்தார். அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் முதலில் "அப்படி எதுவும் இல்லை" என்ற செயின்ட் ஜானும் 1923-ல் மனம் மாறினார். அந்த வருடமே எவர்ஷெட் ஓய்வு பெற்று இங்கிலாந்து போய், அங்கேயும் வீட்டில் சொந்தமாக ஒரு சூரிய ஆய்வகம் வைத்துக்கொண்டார். 1956-ல் 92 வயதில் காலமானார்.

அளக்கப் போன வளைவே அளவுகோல் ஆனது

ஒரு நூற்றாண்டு தாண்டி வந்து பார்த்தால், அந்த நூறில் மூணு பங்கு மில்லிமீட்டர் இன்னைக்கு எங்கே போய் நிற்குதுங்கறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

ஒளி வளையுமானால், கனமான ஒரு பொருள் லென்ஸ் மாதிரி வேலை செய்யணும். ஐன்ஸ்டைன் இதை 1936-ல் ஒரு சின்னக் கட்டுரையாக எழுதினார், அதுவும் மாண்டல் என்ற பொறியாளர் ஒருவர் நச்சரித்ததால். ஒரு நட்சத்திரத்துக்கு நேர் பின்னால் இன்னொரு நட்சத்திரம் இருந்தால் அது வளையமாகத் தெரியும், ஆனால் அதைப் பார்க்கும் நம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டார். அடுத்த வருடமே ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி, "நட்சத்திரத்தை விடுங்க, கோடானுகோடி நட்சத்திரம் கொண்ட கேலக்ஸியை லென்ஸா வெச்சா பார்க்கலாம்" என்றார். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, 1979-ல் வால்ஷ், கார்ஸ்வெல், வேமன் மூவரும் வானத்தில் ஆறு ஆர்க் செகண்ட் இடைவெளியில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு குவாசர்களைப் பார்த்தார்கள். ரெண்டும் ஒண்ணே. நடுவில் இருந்த கேலக்ஸி ஒரே ஒளியை இரண்டு பாதையாகப் பிரித்திருந்தது. ஒரு பாதை நீளம் என்பதால், ஒன்றில் தெரியும் மினுக்கம் மற்றதில் 417 நாள் கழித்துத் தெரியும்!

எப்படித் தெரியும் என்று பார்க்க ஒரு சுலப வழி. டீக்கடைக் கண்ணாடி கிளாஸின் தடித்த அடிப்பாகம் வழியா தூரத்து விளக்கைப் பாருங்க. கிளாஸைச் சாய்க்கச் சாய்க்க விளக்கு ரெண்டாகும், வில்லாக நீளும், சரியா நேரா வந்தா வளையமாகும். நான் ஒரு நாள் கடைத்தெருவில் இதைச் செய்துகொண்டிருந்தபோது கடைக்காரர் கேட்டார்:

"என்னடே, கிளாஸுல அழுக்கு கெடக்கா?"

"இல்ல அண்ணாச்சி, கேலக்ஸி எப்படி வளையும்னு பாக்கேன்."

"வானம் மேலயில்லா இருக்கு. கிளாஸுக்குள்ள என்னத்தடே பாக்க?"

அவருக்கும் காட்டினேன். தெருவிளக்கு வில்லாக வளைஞ்சதைப் பார்த்துட்டு, காசு வாங்க மறந்துட்டார். (அப்புறம் ஞாபகம் வந்துடுச்சு.)

இந்த லென்ஸ் ஆட்டத்திலும் நம்மவர்கள் உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970-ல் எழுந்தது. மலைச்சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய 11 டிகிரி என்று பொருந்திப் போவதால், ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்தைப் பின்தொடரலாம். கட்டியவர் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப். அதே நிறுவனத்தைச் சேர்ந்த நரசிம்மா, கந்தசாமி சுப்பிரமணியன், சித்ரே ஆகியோர் 1980-களின் தொடக்கத்திலேயே, கேலக்ஸி லென்ஸ் எப்படி மூன்று பிம்பம் காட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1988-ல் பிரமேஷ் ராவும் ரவி சுப்ரமண்யனும், தனுசு ராசிப் பக்கம் இருக்கும் 1830-211 என்ற ரேடியோ மூலம் ஏறத்தாழ ஒரு ஆர்க் செகண்ட் இடைவெளியில் இரட்டையாகத் தெரிவதைக் காட்டி, இது ஈர்ப்பு லென்ஸாக இருக்கலாம் என்றார்கள். 1991-ல் ஆஸ்திரேலியக் குழு அதை ஐன்ஸ்டைன் வளையம் என்றே உறுதி செய்தது. ரேடியோ வானத்தில் மிகப் பிரகாசமான லென்ஸ்களில் அது ஒன்று.

ஸ்வரூப் பிறகு புனேக்குப் பக்கத்தில் 45 மீட்டர் அகலமுள்ள 30 கிண்ணங்களோடு ஜிஎம்ஆர்டியை எழுப்பினார். ஹைட்ரஜன் அணுக்கள் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் மெல்ல முணுமுணுக்கும். தூரத்துக் கேலக்ஸியிலிருந்து வரும் அந்த முணுமுணுப்பு ஒண்ணொண்ணாக் கேட்க முடியாத அளவு மெலிசு. அர்னாப் சக்ரவர்த்தியும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நிருபம் ராயும், 880 கோடி வருஷம் பயணம் செய்து வந்த ஒரு முணுமுணுப்பை ஜிஎம்ஆர்டியில் பிடித்து, 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். 21 சென்டிமீட்டர் அலை வழியில் நீண்டு நீண்டு 48 சென்டிமீட்டராக வந்து சேர்ந்திருந்தது. எப்படிக் கேட்டது? நடுவில் ஒரு கேலக்ஸி லென்ஸாக நின்று, ஒலிபெருக்கி மாதிரி சுமார் 30 மடங்கு கூட்டிக் கொடுத்தது. அந்த லென்ஸ் இல்லாட்டி அந்தக் கேலக்ஸியின் ஹைட்ரஜன் நமக்குத் தெரிஞ்சே இருக்காது.

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படம் வந்ததே, ஆரஞ்சு நிறத்தில் வில் வில்லாக வளைந்த கோடுகளோட? அந்த வில்லெல்லாம் கேமரா கோளாறு இல்லை. முன்னால் இருக்கும் கேலக்ஸிக் கூட்டம் பின்னால் இருப்பவற்றை நீட்டி வளைத்துப் பெரிதாக்கிக் காட்டியது. பின்னால் இருப்பவற்றில் சிலவற்றின் ஒளி கிளம்பி 1300 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னொரு பயனும் உண்டு. எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளந்தால், வளைத்த கூட்டத்தின் எடை கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரமும் வாயுவும் சேர்ந்தாலும் அந்த எடை வருவதில்லை. மிச்சம்தான் கரும்பொருள். இருட்டில் நிற்கிறவனை எடை போட வெளிச்சத்தின் வளைவுதான் தராசு.

வாலல் மணலில் ஐந்து நிமிடத்துக்குள் பிடிக்க முயன்று எவர்ஷெட் கோட்டைவிட்ட அதே வளைவுதான் இது. அன்றைக்கு அது "இருக்கா இல்லையா" என்ற கேள்வி. இன்றைக்கு அது ஒரு கருவி, வானியலாளர்கள் தினமும் கையில் எடுக்கிற உளி மாதிரி. சந்தேகமாக இருந்த ஒன்று கருவியாக மாறணும்னா, நடுவில் நிறைய பேர் மேகத்தையும் துருப்பிடித்த சக்கரத்தையும் போலீஸையும் சந்திச்சாகணும்போல. ஜெயிச்ச ஒருத்தர் பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்தா, அறிவியல்னா ஒரு மேதைக்கு ஒரு நாள் தோணுறதுன்னு பசங்க நினைச்சுக்குவாங்க. "சித்தர் அன்னைக்கே சொல்லிட்டார்" என்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டுலயும் உழைப்பு காணாம போயிடுது.

கொடைக்கானலில் அன்று ஆரம்பித்த தினசரி சூரியப் படங்கள் நூறு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து எடுக்கப்பட்டன. இப்போது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் அவை கணினியில் ஏற்றப்பட்டு, உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். எவர்ஷெட் துரையும், அவரோடு தட்டு கழுவி அளவெடுத்த நம்ம ஊர் உதவியாளர்களும் விட்டுப்போன சொத்து அது.

அடுத்த தடவை கொடைக்கானல் போறவங்க கோக்கர்ஸ் வாக், குதிரை சவாரி, சாக்லேட் எல்லாம் முடிச்சுட்டு ஒரு ஒன்றரை மணி நேரம் மிச்சம் பிடிச்சு வானாய்வகத்துக்கும் போய்ட்டு வாங்க. அருங்காட்சியகம் இருக்கு, பொதுமக்களை விடுவாங்க. நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க. படம் எடுத்தா பதிவு போடுங்க மக்கா, சுட்டியைப் பின்னூட்டத்தில் கொடுங்க. எங்க ஊர் வாட்ஸப் குழுவில் நானே ஃபார்வர்ட் பண்றேன் :-)